மூன்றாம் கம்பத்துக்கும் ஆறாம் கம்பத்துக்கும் நடுவே

பால்பண்ணைத் தெருவில் சிமெண்டுச் சாலை போட்டு முடித்த மறுநாள் சாயங்காலம், முப்பத்திரண்டு வருடமாக பஸ் கண்டக்டராக இருக்கும் அய்யாத்துரை வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தவர், தெருவின் மூன்றாவது மின்கம்பத்தடியில் நின்றுவிட்டார். காலில் வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, அவர் குடிக்கிற ஆளும் இல்லை. வலது காலைத் தூக்கினார், முன்னால் வைக்கப் பார்த்தார், வைப்பதற்கு அங்கே இடம் இல்லை. சாலை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, அதன் மேல் ஒரு கோழி நடந்து போனது, ஒரு பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டிப் போனாள், ஆனால் அவர் கால் போய் விழுகிற இடம் மட்டும் எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் கம்பத்துக்கு இந்தப் பக்கமாகவே இருந்தது.

அந்தத் தெருவில் மொத்தம் ஒன்பது கம்பங்கள். பெரிய ரோட்டிலிருந்து திரும்பியதும் முதல் கம்பம், தெரு முடிகிற தண்ணீர்த் தொட்டியடியில் ஒன்பதாவது, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். வீட்டு எண்கள் மூன்று தடவை மாற்றப்பட்டு யாருக்கும் நினைவில் நிற்காமல் போனதால், தெருக்காரர்கள் கம்பத்தை வைத்துத்தான் விலாசம் சொல்வார்கள். மாவுமில் ரெண்டரையில் இருக்கிறது, ஜெபக்கனி டீச்சர் ஐந்தில் இருக்கிறாள், கண்டக்டர் வீடு நாலரை.

நாலரையிலிருந்து அவர் மனைவி சந்தனமாரி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அங்கனயே நிக்கீங்க? காப்பி ஆறுது."

"வர முடியல, சந்தனம்."

"பிரஷரா? காலைல மாத்திரை போட்டீங்களா இல்லியா, நேராச் சொல்லுங்க."

"மாத்திரையெல்லாம் போட்டாச்சு. ரோடு விட மாட்டேங்குது."

சந்தனமாரி கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். மழை வராவிட்டால் கிணறு வற்றிவிடும் என்பாள், வந்தால் கூரை ஒழுகும் என்பாள், வராமல் வெறும் மேகம் மட்டும் போட்டிருந்தால் வற்றல் காயாது என்பாள். கல்யாணமாகித் தூரத்து ஊரில் இருக்கும் மகள் கயல் ஒருநாள் போன் பண்ணாவிட்டால் என்னவோ ஏதோ என்பாள், ஒரே நாளில் இரண்டு தடவை பண்ணினால் கட்டாயம் ஏதோதான் என்பாள். அப்படிப்பட்டவள் நிஜமாகவே ஒன்று வந்து நின்றபோது, வெகுநாள் எதிர்பார்த்த விருந்தாளியைப் பார்க்கிறவள் போலப் பதற்றமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்றாவது கம்பத்துக்கு நடந்து போய், அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கை வந்தது, சட்டை வந்தது, ஆள் வரவில்லை.

தெரு கூடிவிட்டது. நாலு பேர் முதுகைப் பிடித்துத் தள்ளினார்கள். தள்ளுவண்டியில் உட்காரவைத்து உருட்டினார்கள். வண்டி போயிற்று, அவர் கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் ஏற்றி பைபாஸ் வழியாகச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகக் கொண்டு வந்தார்கள், அந்தப் பக்கம் ஆறாவது கம்பம் வரை சுகமாக வந்தார், அதற்கு மேல் முடியவில்லை. பின்சந்து வழியாகவும் மொட்டைமாடி வழியாகவும் பார்த்தாயிற்று. கடைசியில் மாவுமில் பாக்கியம் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டு, "அண்ணாச்சி, உக்காருங்க மொதல்ல. வீடு எங்கேயும் ஓடிப் போயிராது" என்றாள்.

மறுநாள் காய்கறி வாங்கப் புறப்பட்ட சந்தனமாரிக்கு இரண்டாவது கம்பத்தோடு தெரு முடிந்துபோயிற்று. திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தாள், ஏழாவதோடு முடிந்தது. அப்போதுதான் எல்லோரும் நாலரைக்கு எதிரே சாலையில் குனிந்து பார்த்தார்கள்.

சிமெண்ட் போட்ட அன்று தூறல் விழுந்தது. எதிர்ச்சுவரில் காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாயை எடுக்கச் சந்தனமாரி, கொத்தனார் கத்தக் கத்தக் காதில் வாங்காமல், வெறுங்காலோடு ஈரச் சிமெண்டில் இறங்கினாள். "ஏளா, மிதிக்காத, மிதிக்காத" என்று அவளைத் தடுக்கப் போன அய்யாத்துரையும் கண்டக்டர் பூட்ஸோடு பின்னாலேயே இறங்கினார். இருவர் காலடியும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. விடியற்காலை ட்ரிப்புக்கு அவர் பலகை மேல் நடந்து போனபோது சிமெண்ட் இறுகியிருக்கவில்லை. இறுகியபோது, அவள் காலடிக்குப் பக்கத்தில் ஒரு வரியும் அவர் காலடிக்குப் பக்கத்தில் ஒரு வரியும் இருந்தன.

அவள் பக்கத்தில் x² − 9x + 14 ≤ 0.

அவர் பக்கத்தில் x² − 9x + 18 ≥ 0.

கொத்தனார் தன் பிள்ளைகள் மேல் ஆணையிட்டு, தனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்றார். ஜெபக்கனி டீச்சர் தன்னிடம் டியூஷன் படிக்கிற இருபத்திரண்டு பேர் நோட்டையும் கொண்டு வந்து சாலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்த மாதிரி ஒன்பது போடுகிறவர்கள் யாரும் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யாரும் அதை நோண்டவில்லை. ஒருவர் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். எழுத்து மங்கியதே தவிர, கண்டக்டருக்கு ஒரு விரற்கடை கூட விட்டுக்கொடுக்கவில்லை. உடைத்துவிடலாமா என்று நகராட்சியில் கேட்கப் போனவர்களிடம், சாலை போட்டு ஐந்து வருடத்துக்குக் கடப்பாரை படக் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, மனு கொடுங்கள் என்று சொன்னார்கள். மனு கொடுத்தார்கள். பிறகு தெரு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கண்டக்டர் வீட்டுக்குப் போக முடியாததும் அந்த வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

காய்கறிக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு நாலரைக்கே வந்தார். தபால்காரர் அவள் பெயருக்கு வந்ததை வீட்டிலும் அவர் பெயருக்கு வந்ததை மூன்றாவது கம்பத்திலும் கொடுத்தார். அய்யாத்துரை டெப்போவின் ஓய்வறையில் படுத்துக்கொண்டார். மதியம் ஒரு மணிக்கு, ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே, ரெண்டரையில் மாவுமில்லுக்கு வருவார், அவள் தூக்குவாளியில் சோறு கொண்டு வருவாள். சோற்றில் மாவு விழக் கூடாதென்று பாக்கியம் அந்த அரை மணி நேரம் மில்லை நிறுத்தி வைத்தாள். "கண்டக்டர் சாப்பாட்டுக்கு முந்தி அரைச்சுட்டு வந்திரு" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டார்கள். மில்லின் சத்தம் நின்றால் மணி ஒன்று என்று உலையில் அரிசி போட்டார்கள். பிந்தி வந்தவர்கள் கோதுமை டின்னை மடியில் வைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதை ரேடியோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்பதற்கு நிறைய இருந்தது. முப்பது வருடமாக அவள் தூங்கும்போது அவர் போவார், அவள் குளிக்கும்போது வருவார், தட்டில் மூடி வைத்ததை எடுத்துச் சாப்பிடுவார். அவர் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பார்த்த மூன்றாவது நாள், அவர் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக ஒதுக்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தெருநாய்க்குப் போடுவதைக் கண்டுபிடித்தாள்.

"கத்தரிக்கா பிடிக்காதா உங்களுக்கு?"

"பிடிக்காதுன்னு இல்ல…"

"முப்பது வருசமா வாரத்துக்கு ரெண்டு நாள் வைக்கேன்!"

"சொன்னா, ஒடம்புக்கு என்னமோன்னு நீ நெனைப்ப. அதான் சொல்லல."

மில்லில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமாரி சிரிக்கவில்லை. முப்பது வருடத்தில் எத்தனை கத்தரிக்காய் என்று நினைத்துப் பார்த்து, அன்று பூராவும் அவளுக்கு மனசு சரியில்லை.

ஆனால் மே மாதக் கடைசியில் அய்யாத்துரைக்கு ஓய்வு. அதற்குப் பிறகு டெப்போவில் படுக்க விடமாட்டார்கள். மாவுமில்லில் உட்காரலாமே தவிரப் படுக்க முடியாது. மே பிறந்ததும் சந்தனமாரியின் கவலைகள் எல்லாம், தண்ணீர் ஒரே பள்ளத்துக்கு ஓடுவது போல, இந்த ஒன்றுக்குள் வந்து விழுந்தன. கயல் போனில், "அப்பா இங்க வந்து இருக்கட்டும்மா" என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவர் போய்விடலாம், உலகமெல்லாம் அவருக்குத் திறந்துதான் கிடக்கிறது, இந்த மூன்று கம்ப தூரத்தைத் தவிர. போனால் இவளால் பின்னால் போக முடியாது.

அன்று சாயங்காலமே ஐந்தாவது கம்பத்துக்குப் போனாள்.

"டீச்சர், நான் எட்டாங்கிளாஸோட நின்னவ. இந்த ரெண்டு வரியும் என்ன சொல்லுதுன்னு எனக்கு வெளங்கணும். வெளங்காம நான் எந்திரிக்கப் போறதில்ல."

ஜெபக்கனி சிலேட்டை எடுத்தாள். "ஒங்க வரியப் பிரிச்சா ரெண்டு அடைப்பா வரும் அக்கா. ஒண்ணுல x-ல இருந்து ரெண்டு போகுது, இன்னொண்ணுல ஏழு போகுது. x-ங்கிறது நீங்க நிக்கிற கம்பம். ரெண்டையும் பெருக்கினா பூஜ்யத்துக்கு மேல போகக் கூடாதுங்குது. ஒருத்தர் பிளஸ்ஸும் ஒருத்தர் மைனஸுமா இருந்தாத்தான் பெருக்கு மைனஸா வரும்."

"அது எங்க வரும்?"

"ரெண்டாவது கம்பத்தைத் தாண்டியிருக்கணும், ஏழாவதைத் தாண்டியிருக்கக் கூடாது. குறிக்கு அடியில கோடு இருக்கிறதால கம்பத்தடியும் சேத்தி."

"சரி. அது நான். அவுக?"

"அவுகளுக்கு மூணும் ஆறும். பெருக்கு பூஜ்யத்துக்குக் கீழ எறங்கக் கூடாது. ரெண்டுமே பிளஸ், இல்லன்னா ரெண்டுமே மைனஸ்."

சந்தனமாரி சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, ரெண்டு கம்பத்தையும் தாண்டுனவுகளா இருக்கணும், இல்ல ரெண்டையும் தாண்டாதவுகளா இருக்கணும். ஒண்ணைத் தாண்டிட்டு இன்னொண்ணைத் தாண்டாம நடுவுல நின்னா ஆகாது. அதானே?"

"அக்கா, என் டியூஷன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

"பிள்ளைகளுக்கு வீடு இருக்கு, அதான் அவசரமில்ல" என்றாள் சந்தனமாரி.

டீச்சர் ஒரு நேர்கோடு போட்டு, ஒன்பது கம்பங்களைக் குறித்து, மேலே அவளுக்கான பாகத்தைத் தடிப்பாகவும் கீழே அவருக்கான பாகங்களைத் தடிப்பாகவும் வரைந்தாள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகிற இடம் இரண்டே இரண்டு துண்டு: இரண்டிலிருந்து மூன்று வரை, ஆறிலிருந்து ஏழு வரை. சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஏதாவது ஒரு இடத்தை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும், அங்கே சரி வந்தால் அந்தத் துண்டு முழுக்கச் சரிதான் என்றாள். சந்தனமாரி விரல் விட்டுப் போட்டுப் பார்த்தாள். ரெண்டரை வந்தது, அது மாவுமில். ஆறரையும் வந்தது.

"நாலரைதான் ரெண்டு வரிக்கும் ஆக ஆழமான எடம்" என்றாள் டீச்சர், ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்து. "கிண்ணத்துக்கு அடி மாதிரி."

"அந்த அடியிலதான் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சுனேன்" என்றாள் சந்தனமாரி.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாவுமில்லும் ஒரு மரக்கடையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரே ஒரு வீடு காலியாகக் கிடந்தது. அது அய்யாத்துரையின் தங்கை வேலம்மாள் வாடகைக்கு விடுகிற வீடு. அதை ஒட்டினாற்போல வேலம்மாளே இருந்தாள். கயல் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது, பந்தியில் நின்றுகொண்டிருந்த வேலம்மாளைக் கூப்பிடாமல் எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை, யாரோ கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதிலிருந்து ஆறு வருடமாக இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

சந்தனமாரி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மோர்மிளகாய் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு ஆறரைக்குப் போனாள். வேலம்மாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"வாங்க மதினி. ஏழாவது கம்பம் வரைக்கும்தான் ஒங்களால வர முடியுமாமே?"

"ஆமா, வேலு."

"என் வாசல் ஆறரைலதான இருக்கு. ஆறு வருசமா இம்புட்டு தூரம் வரலியே, அதுக்கு ரோட்டுல எந்தக் கணக்கு எழுதியிருந்துச்சு?"

சந்தனமாரி டப்பாவை வாசற்படியில் வைத்தாள். உட்கார்ந்து கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். வெகு நேரம் இருவரும் உருவினார்கள். கீரை முடிந்தபோது, "நான்தான் கூப்பிட்டிருக்கணும்" என்றாள் சந்தனமாரி. "சேலை ஒழுங்கா இருக்கா, மாப்பிள்ளை வீட்டார் மொகம் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். தப்புதான்."

வேலம்மாள் கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சாவியைக் கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தாள். "அண்ணன் டெப்போவுல கொசுக்கடியில கெடக்கான்னு கேட்டப்பவே கூட்டி வச்சிட்டேன் வீட்டை. ஒங்க வாயால கேக்கட்டும்னு இருந்தேன். வெள்ளையும் அடிச்சாச்சு."

ஓய்வு பெறும் நாளன்று தெருவே வீடு மாற்றியது. பீரோவை ஐந்து பேர் தூக்கினார்கள், அய்யாத்துரையின் பொருள் எதையும் நாலரையிலிருந்து அவரால் எடுத்து வர முடியாது என்பதால் அவர் சட்டைகளைத் தெருப்பெண்கள் ஆளுக்கொன்றாகக் கையில் மடித்துப் போட்டுக் கொண்டு வந்தார்கள். டெப்போக்காரர்கள் மாலை போட்டு, பைபாஸ் வழியாகத் தண்ணீர்த் தொட்டியடியில் அவரை இறக்கிவிட்டார்கள். ஜெபக்கனி முறைப்படி முதலில் சந்தனமாரியைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்தாள், நிற்க முடிந்தது. பிறகு அவரை அழைத்து அவளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள், நிற்க முடிந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் இருவரும் சேர்ந்து நின்றதைப் பார்த்து யாரோ கை தட்டினார்கள், பாக்கியம் குலவையிட்டாள், அய்யாத்துரை மாலையைக் கழற்ற மறந்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

"சரி, நல்ல நேரம் போகுது, பாலைக் காய்ச்சுங்க" என்றாள் வேலம்மாள்.

சந்தனமாரி பால் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படி நிலையைத் தாண்டக் காலைத் தூக்கினாள். வைக்க இடம் இல்லை.

மறுபடி தூக்கினாள். கால் கூடத்திலேயே விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தார்கள்: ஏழாவது கம்பத்திலிருந்து நேராக ஒரு கோடு இழுத்தால் அது கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவரின் மேல் போயிற்று. கூடத்தில் ஒரு இடம் சரியாக வந்ததால் வீடு முழுக்கச் சரி என்று இருபது பேரும் நம்பியிருந்தார்கள். வீடு கம்பத்தோடு முடிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போட்டுப் பாக்குறது ஒரு துண்டுக்குள்ளதான் செல்லும்னு நானே சொல்லிக் குடுக்கேன், நானே இப்படி…"

சந்தனமாரி செம்பைப் பிடித்தபடி நின்றாள். நாலரையில் அவளுடைய அடுப்பு இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு உப்பு டப்பாவை எடுக்கிற அடுப்படி. அங்கே போனால் தினம் ஒரு மணிக்குத் தூக்குவாளி. இங்கே இருந்தால் இந்தச் சுவர்.

"நான் காய்ச்சுதேன், மதினி. தள்ளுங்க" என்றாள் வேலம்மாள்.

"வேண்டாம்" என்றாள் சந்தனமாரி. செம்பை அய்யாத்துரையிடம் நீட்டினாள். "நீங்க போங்க."

"நானா? எனக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாதே."

"முப்பத்திரண்டு வருசம் கூட்டத்துக்குள்ள சில்லறை குடுத்தீங்கல்ல, அது தெரிஞ்சா பொறந்தீங்க? போங்க."

அவர் மாலையோடு உள்ளே போனார். நாலு குச்சி வீணாகி ஐந்தாவதில் அடுப்பு பற்றியது. அவள் நிலைக்கு இந்தப் பக்கம் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, அவர் கையையும் பாலையும் மாறி மாறிப் பார்த்தாள். பால் விளிம்புக்கு ஏறியதும் அவர் பயந்துபோய்த் தீயைக் குறைக்கக் குனிந்தார்.

"குறைக்காதீங்க! பொங்கட்டும்! இன்னைக்குப் பொங்கணும்!"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் குலவையிட்டார்கள். அவர் ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, நிலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றார். சீனி போட மறந்திருந்தார், கரி வாடை வேறு அடித்தது. அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மணையை இன்னும் கொஞ்சம் நிலையை ஒட்டி இழுத்துப் போட்டாள். "மதியச் சோறு வைக்கணும். அந்த மூலையில அரிசி இருக்கு, ரெண்டு ஆழாக்கு எடுத்துக் களையுங்க."

"எத்தனை தடவை களையணும்?"

அதுவரை அவள் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை, கைதான் அறியும். சந்தனமாரி தன் கைகள் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு சற்று யோசித்தாள்.

"களையுங்க" என்றாள். "நான் பாத்துக்கிட்டு இருக்கேன். போதும்னா சொல்லுதேன்."